கூட்டாமல், குறைக்காமல்

"நம்பர மட்டும் சொல்லுங்கம்மா. கூட்டாதீங்க, கொறைக்காதீங்க" என்றாள் தாமரை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு.

கொடுமையைப் பாருங்கள். என் மகள் இதை என்னிடம் சொல்கிறாள். முப்பத்துமூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமியிடம். ஜொகூரிலிருந்து பெர்லிஸ் வரை இந்த நாட்டு ஜனங்கள் பேசிய பேச்சில் பாதி என் விரல் வழியாகத்தான் போயிற்று. மீதிப் பாதி நான் லீவில் இருந்த நாட்களில் போனது. ஓர் எண்ணைக் கேட்டால் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் 'ஆமாம்' என்ற பிறகுதான் இணைக்க வேண்டும். அது எங்கள் வேதம். மந்திரி வீட்டுக்குப் போக வேண்டிய டெலிபோன் காலை மீன்கடைக்குக் கொடுத்தது வேறொருத்தி. நான் அப்போது சாப்பிடப் போயிருந்தேன்.

என் காதில் ஒரு குறையும் கிடையாது. வாய்தான் கொஞ்சம் தாராளம். போன வருடம் குழந்தைக்காக வைத்தியம் பார்த்தபோது தாமரைக்கு ஏழு கருமுட்டை எடுத்தார்கள். நான் கோயிலில் 'இருபதுக்குக் குறையாது' என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான். அப்புறம் ஒன்றும் நிற்காமல் போனபோது பிரிக்ஃபீல்ட்ஸில் பாதிப் பேர் வந்து இருபதுக்கும் துக்கம் விசாரித்தார்கள். ஏழுக்கு அழ வேண்டிய பிள்ளை இருபதுக்கு அழுதாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கிஷனைக் கட்டிப் பன்னிரண்டு வருடம். இது மூன்றாவது தடவை. இதற்கு மேல் ஊசி போட்டுப் பிரயோஜனமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆக, நேற்று எடுத்த ஒன்பது முட்டைதான் கடைசி. அந்த ஒன்பதும் கிளினிக்கில் ஒரு கண்ணாடித் தட்டில், மருமகனின் லட்சோபலட்சம் வால் முளைத்த சிப்பாய்களோடு, ராத்திரி முழுக்க ஒரு பெட்டிக்குள் இருந்தன. காலையில் லேப்பிலிருந்து கூப்பிட்டு எத்தனை சேர்ந்தது என்று சொல்வார்கள். அந்தக் குரலைக் கேட்கத் தாமரைக்குத் தெம்பில்லை. என் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தாள்.

இந்தச் சேர்வது கூடுவது எல்லாம் எனக்குத் தெரியாத சங்கதியில்லை. இரண்டு மாதம் முன்பு டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கியபோது நானும் அந்த அறையில் இருந்தேன். கூப்பிடவில்லை, போனேன்.

ஆண்பிள்ளைக்கு அந்தத் தொழிற்சாலை ஒருநாளும் மூடுவதில்லையாம். ஆனால் ஒவ்வொரு உயிரணுவும் வாலும் தலையுமாக முதிர எழுபது நாள் சொச்சம் ஆகுமாம். நான் கிஷனைப் பார்த்தேன்.

"அப்ப எழுபது நாளா சிகரெட்ட தொட்டிருக்கக் கூடாது."

"நிறுத்திட்டேன் அத்தை."

"எப்போ?"

"நேத்து."

பெண்ணுக்கு அப்படியில்லை. அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் எல்லாம் உண்டாகிவிடுகின்றன என்றார் டாக்டர். நான் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டேன்.

"அப்ப இதெல்லாம் நான் போட்டதா டாக்டர்?"

"நீங்க போடல ஆன்டி. உங்க வயித்துக்குள்ள இவங்க இருக்கும்போது, இவங்களுக்குள்ள உண்டானது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

தாமரை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மேலே சொன்னார். உடம்பின் செல்லுக்கு நாற்பத்தாறு குரோமோசோம். இவற்றுக்கு மட்டும் அதைப் பாதியாக்கி இருபத்துமூன்றாக்க வேண்டும். அப்போதுதான் அவனுடைய இருபத்துமூன்றும் இவளுடைய இருபத்துமூன்றும் கூடி மறுபடி நாற்பத்தாறு ஆகும். முட்டை அந்தப் பாதியாக்கும் வேலையைத் தாய் வயிற்றிலேயே தொடங்கிவிட்டு, நடுவில் அப்படியே நின்றுவிடுமாம். வருடக்கணக்காக. முறை வரும் மாதத்தில் ஒரு படி நகர்ந்து மறுபடி நிற்குமாம். ஆணின் அணு உள்ளே நுழைந்த பிறகுதான் கடைசிப் படியை முடித்து, மிச்சத்தை வெளியே தள்ளுமாம்.

"ஹோல்ட்ல இருக்கு" என்றேன்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எக்ஸாக்ட்லி ஆன்டி. ஹோல்ட்லதான்."

நாற்பத்தொரு வருடம் ஹோல்டில். எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரு மனிதர் நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்ததற்கே பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். என் வயிற்றில் தொடங்கிய கால், யாரும் வைக்காமல், வேறு லைனுக்கும் மாறாமல் இன்னும் நிற்கிறது. அன்றைக்கு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை பெருமை.

இன்னொன்றும் சொன்னார். முதல் அணு நுழைந்ததும் முட்டை தன் மேலோட்டை இறுக்கிக்கொள்ளுமாம். பின்னால் வருகிற லட்சம் பேருக்கும் என்கேஜ்ட் டோன். எப்போதாவது இரண்டு பேர் ஒரே லைனில் நுழைந்துவிட்டால் அது கிராஸ் டாக். அந்த முட்டையை வைத்துக்கொள்ள முடியாது. டாக்டரை விட எனக்குத்தான் அது நன்றாகப் புரிந்தது என்று இப்போதும் சொல்வேன்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். வீட்டில் உட்கார முடியவில்லை. கொத்தமல்லி வாங்குவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். ஒன்பதாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் புளோக் லிஃப்ட் கடைசியாக வேலை செய்த நாளில் நான் கறுப்பு முடியோடு இருந்தேன். ஜாலான் துன் சம்பந்தன் தெருவில் பூக்கடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது கைப்பேசி அடித்தது.

"ஆன்டி, லேப்லருந்து சாண்ட்ரா பேசுறேன். ஒம்போதுல ரெண்டு இன்னும் முத்தல. ரெண்டு சேரவே இல்ல. நாலு ஓகே ஆன்டி, டூ பெண். இன்னொண்ணு…"

தலைக்கு மேல் மோனோரயில் போயிற்று. இன்னொன்று என்ன ஆயிற்று என்பதை அது கொண்டுபோய்விட்டது.

"…ஓகேயா ஆன்டி?"

"ஓகேம்மா, ஓகே."

வைத்துவிட்டாள். முப்பத்துமூன்று வருடத்தில், அதற்குப் பிறகு ஓய்வுக்காலம் முழுதிலும், நான் ஒரு செய்தியைத் திருப்பிச் சொல்லாமல் வைத்தது அன்றைக்குத்தான். உதடு வேறு வேலையாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

டூ பெண். 'டூ கிலோ கத்திரிக்கா', 'த்ரீ பாக்கெட் பால்' என்று பேசுகிற ஊரில் இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. பொண்ணு என்று கொச்சையாகச் சொல்லாமல், சுத்தமாகப் பெண் என்கிறாளே, கான்வென்டில் படித்த பிள்ளை என்று மெச்சிக்கொண்டே ஒன்பது மாடியும் ஏறினேன். கொத்தமல்லி வாங்கவில்லை.

தாமரை அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு" என்றேன்.

"நாலா?"

"நாலு."

போர்வைக்கு வெளியே நாலு விரலை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டாள். "தேங்ஸ்மா. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. நம்பரை மட்டும்தானே கேட்டாள். ஆனால் இரண்டு பெண் குழந்தைகளை வாய்க்குள் அடக்கிவைப்பது மனிதர்களால் ஆகிற காரியமா? அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கிளாங் ஊரிலிருக்கும் சம்பந்திக்கு போன் போட்டேன். கிஷனின் அம்மா பவுனம்மாள். மூன்றும் மகன்கள், மற்ற இருவருக்கும் பிறந்த ஐந்தும் பேரன்கள். அந்த வீட்டில் பூனைகூட ஆண்தான். ஒரு பெண்பிள்ளைக்குத் தலை வாரிவிட வேண்டும் என்று அந்த அம்மாள் முருகனைக் கேட்ட கேள்வியில் பத்துமலைப் படிகளே தேய்ந்திருக்கும்.

"சம்பந்தி, உக்காந்திருக்கீங்களா?"

"ஏன், யாருக்கு என்ன ஆச்சு?"

"நாலு நல்லா இருக்கு. அதுல ரெண்டு பெண்."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஒரே நாள்லயா தெரிஞ்சிச்சு?"

"எல்லாம் மெஷின் சம்பந்தி. ஒருத்திக்கு அப்படியே உங்க மூக்கு."

மூக்கை நான் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் லேப்பிலிருந்து கால் இல்லை. நானே போட்டேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, மலாய்க்கு இரண்டை அழுத்து, அப்பாயின்ட்மென்டுக்கு மூன்றை அழுத்து என்று ஒரு மெஷின் பேசியது. எதை அழுத்தினாலும் பாட்டுப் போட்டது. என் காலத்தில் ஒரு மனுஷி இருந்தாள், அவள் பெயர் சீதாலெட்சுமி, திட்டவாவது முடிந்தது. இந்த மெஷினைத் திட்டினால் 'மன்னிக்கவும், மறுபடி முயற்சிக்கவும்' என்கிறது. பதினேழு தடவை முயற்சித்தேன். சரி, ஆறு தடவை.

தாமரை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். ஹாலிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து ஹாலுக்கு.

"ஊசின்னா குத்திக்குவேன், மாத்திரைன்னா முழுங்குவேன்" என்றாள். "இப்ப எனக்கு வேலையே இல்ல. என்னோட பிள்ளை யாரோ வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. நான் இங்க துணி மடிக்கிறேன்."

"ஃபிரிட்ஜ் இல்ல, சூடான பெட்டி" என்றேன்.

"ம்மா."

நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

மூன்றாம் நாள் சாண்ட்ரா கூப்பிட்டாள். "மூணு வளந்துக்கிட்டிருக்கு ஆன்டி. ஒண்ணு நின்னுடுச்சு." அறையில் ஒரு விரல் மடங்கியது. தாமரை மறுபடி துணி மடிக்கப் போனாள். ஏற்கெனவே மடித்த துணி.

கிளாங்கிலிருந்து ஒரே கேள்விதான். "எது போச்சு, ஆணா பெண்ணா?"

"அது சொல்லல சம்பந்தி."

"கேக்க வேண்டியதுதானே, நீங்க என்ன டெலிபோன்காரங்க."

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. "பையன்தான் போயிருக்கும்" என்றேன், ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி.

ஐந்தாம் நாள் காலையில், "ஒண்ணு ஆன்டி" என்றாள் சாண்ட்ரா. "ரெண்டு அப்படியே நின்னுடுச்சு. ஒண்ணு நல்லா வந்திருக்கு. பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லுங்க, வயித்துல வச்சிடலாம். நிறைய தண்ணி குடிச்சிட்டு வரணும்."

ஒன்பது, நாலு, மூணு, ஒண்ணு. எண்ணிக்கொண்டே ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்கினால்கூட இவ்வளவு சீக்கிரம் தரைக்கு வரமாட்டோம். தாமரை ஒரு விரலைப் பார்த்தாள். அதை மடக்கவில்லை. எழுந்து குளித்தாள். அதற்குள் நான் கிளாங்குக்கும் அந்த ஒன்றைச் சொல்லிவிட்டேன். சமையலறையில் நின்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது கிளாஸில் வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பவுனம்மாள் கிளாங்கிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, முட்டிவலியோடு ஒன்பது மாடி ஏறி வந்திருந்தார். கையில் ஒரு காகிதப் பை.

மூச்சு திரும்பியதும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு பட்டுப் பாவாடை. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். கிளாங்கில் அத்தனை கடையும் ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

"எந்தப் பொண்ணும்மா நிக்கிறா?" என்றார் தாமரையிடம். "மூக்கு என்னை மாதிரி இருக்கிறவளா?"

தாமரை கிளாஸை மெதுவாக வைத்தாள். "எந்தப் பொண்ணு அத்தை?"

"நாலுல ரெண்டு பொண்ணுன்னு உங்கம்மாதான்…"

நான் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"ம்மா. சாண்ட்ரா என்ன சொன்னா? ஒரு எழுத்து மாத்தாம சொல்லுங்க."

"நாலு ஓகே, டூ பெண்."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"டூ பி.என். பெண் இல்ல. பி, என். சேந்த மறுநாள் மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. அவரோட இருபத்துமூணு ஒரு உருண்டையா இருக்கும், என்னோட இருபத்துமூணு ஒரு உருண்டையா இருக்கும். ரெண்டு உருண்டையும் பக்கத்துல பக்கத்துல தெரிஞ்சா ஒழுங்கா சேந்திருக்குன்னு அர்த்தம். அந்த உருண்டைக்குப் பேருதான் பி.என். நாலுமே டூ பி.என்.தான்மா. ஆணா பெண்ணான்னு யாரும் பாக்கல."

"அப்ப அந்த இன்னொண்ணு?"

"த்ரீ பி.என்.னா இருக்கும். தூக்கிப் போட்டிருப்பாங்க."

கிராஸ் டாக். மோனோரயில் கொண்டுபோனது அதைத்தான். அது மட்டும் என் காதில் விழுந்திருந்தால், 'த்ரீ பெண்' என்று கேட்டிருந்தால், எனக்கே உறைத்திருக்கும். அல்லது கிளாங்குக்கு ஐந்து பெண் என்று போயிருக்கும். எனக்கே தெரியவில்லை.

தாமரை சிவப்புப் பாவாடையைத் தொட்டாள். சுட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டாள்.

"முந்தின ரெண்டு தடவையும் எனக்கு நம்பர்தான்மா. நம்பர் போச்சுன்னா தாங்கிக்கலாம். அதுக்குத்தானே நம்பர மட்டும் சொல்லச் சொன்னேன். இப்ப நீங்க அதுக்குப் பாவாடை கட்டிட்டீங்க."

பவுனம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்த ரெண்டு பிள்ளைங்களும்?"

"இல்ல அத்தை. இருந்ததே இல்ல."

அந்த அம்மாள் இரண்டு பாவாடையையும் மடித்தார். மடிப்புக் கலைந்தது, மறுபடி மடித்தார். ஐந்து நாள் வைத்திருந்த இரண்டு பேத்திகளை அப்படியே பைக்குள் வைத்தார். மூக்கைச் சிந்திக்கொண்டார், அந்த மூக்கைத்தான். அதை நான் பார்க்கும்படி ஆயிற்று. ஒருத்தியை இருபதுக்கு அழவைத்த புண்ணியவதிக்கு இதுவும் வேண்டும்.

கிஷன் உள்ளே எட்டிப் பார்த்தான். "போலாமா? கார் ரெட்டை வரிசையில நிக்குது, போலீஸ்காரன் சம்மன் போட்டுருவான்." எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்று மூன்று பெண்களும் ஒன்றாகச் சொன்னோம். வீட்டில் உண்மையிலேயே இருந்த மூன்று பெண்கள்.

என்னைக் கூட்டிப்போகவில்லை. நானும் கேட்கவில்லை. வயிறு நிறையத் தண்ணீரோடு தாமரை ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பவுனம்மாளும் நானும் ஆளுக்கொரு கோப்பை தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"மூக்கு?" என்றார் கடைசியில்.

"அது நானா சேத்தது சம்பந்தி."

"தெரியும்" என்றார். "ஆனா நல்லா இருந்துச்சு."

பிறகு பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளை நான் விவரிக்கப்போவதில்லை. விவரித்தால் கூட்டிச் சொல்வேன். தாமரை தும்மக்கூட பயந்தாள் என்று மட்டும் சொல்கிறேன், அது நிஜம். கோயிலில் கேட்டவர்களிடம் 'வெயில் அதிகம்' என்றேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கரு தங்கியதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் என் கைப்பேசி அடித்தது. அவர்கள் ஃபைலில் இன்னும் என் எண்தான்.

"ஆன்டி, சாண்ட்ரா. ரிசல்ட் வந்திருச்சு…"

"இரும்மா. எங்கிட்ட சொல்லாத. லைன்ல இரு, இணைக்கிறேன்."

எங்கள் வேதத்தில் இரண்டாவது கட்டளை ஒன்று உண்டு. இணைத்துவிட்டால் ஆப்பரேட்டர் கேட்கக் கூடாது, போர்டிலுள்ள சாவியைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதை முப்பத்துமூன்று வருடமும் அவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். அன்றைக்குக் கடைப்பிடித்தேன். தாமரையின் கையில் கைப்பேசியை வைத்தேன், அறைக் கதவைச் சாத்தினேன், வாசல் கதவையும் சாத்திவிட்டு நடைபாதையின் கோடிக்குப் போய், வேலை செய்யாத லிஃப்டுக்காகக் காத்திருப்பவள்போல நின்றேன். என் காதுக்கு அந்தத் தூரம் போதவில்லை. சன்னல் திறந்திருந்தது.

"நூத்தி நாப்பத்திரெண்டு" என்றாள் என் மகள், ஒவ்வொரு இலக்கமாக. "ஒன், ஃபோர், டூ. கரெக்டா?"

திருப்பிச் சொல்கிறாள். நான் அவளுக்கு ஒருநாளும் கற்றுக்கொடுத்ததில்லை.

வாசல் கதவு திறந்தது. தாமரைக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் எந்தப் பக்கத்துக் கலக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நூத்தி நாப்பத்திரெண்டும்மா."

"கேட்டுச்சு" என்றேன். பிறகு, "அது நல்லதா?"

"ரத்தத்துல அந்த ஹார்மோன் அளவு அது. கர்ப்பம் இருக்குன்னு அர்த்தம். ஆனா நாளன்னிக்கு மறுபடி ரத்தம் எடுப்பாங்க. ரெட்டிப்பாகியிருக்கணும். அப்பத்தான் நிக்குதுன்னு அர்த்தம்." கைப்பேசியை என் கையில் வைத்தாள். விடவில்லை, கொஞ்சநேரம் பிடித்தபடியே இருந்தாள். "அதுவே கூட்டிக்கணும்மா. நீங்க கூட்டாதீங்க."

உள்ளே போய்விட்டாள். கைப்பேசி மறுபடி அடித்தது. கிளாங்.

"என்ன சம்பந்தி, எத்தனை?"

"நூத்தி நாப்பத்திரெண்டு."

"பிள்ளைங்களா?"

"நம்பர் சம்பந்தி. வெறும் நம்பர். ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. நாளன்னிக்கு ரெட்டிப்பாகணுமாம்."

"இருங்க, எழுதிக்கிறேன்." பேனா தேடும் சத்தம் கேட்டது. "இன்னொரு தடவ சொல்லுங்க."

முந்நூறு என்று சொல்ல நாக்கு துடித்தது. முந்நூறு எவ்வளவு அழகாக இருக்கிறது, முழுசாக, வயிறு நிறைந்த மாதிரி. இரண்டு நாள் கழித்து அது அநேகமாக உண்மையாகவே ஆகிவிடும், கொஞ்சம் முன்கூட்டியே சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்.

"ஒண்ணு, நாலு, ரெண்டு" என்றேன். "திருப்பிச் சொல்லுங்க சம்பந்தி."

"ஒண்ணு, நாலு, ரெண்டு."

"ஆமா" என்றேன்.